கைபேசியும் காணாமற்போன ஆடும்

கிறிஸ்து இயேசுவுக்குள் பிரியமான சகோதர சகோதரிகளே,

 

இம்மாதம் உங்களிடத்தில் ஓர் எளிய கேள்வியோடு வருகிறேன். சென்ற ஞாயிற்றுக்கிழமை உங்கள் சபைக்கு யார் வரவில்லை? எத்தனை பேர் வந்தார்கள் என்று நான் கேட்கவில்லை. அதை வாசலில் நிற்கும் சகோதரர் எண்ணிக் குறித்து வைத்திருப்பார். யார் வரவில்லை? அவர் வராமல் எத்தனை வாரங்கள் ஆயின? அவரோடு கடைசியாகப் பேசியவர் யார்? இந்தக் கேள்விகளுக்கு உடனே விடை சொல்லக்கூடிய சபைகள் நம்முடைய நகரங்களில் எத்தனை இருக்கும்?

சொந்த ஊரில் ஒருவர் ஆராதனைக்கு வராவிட்டால் மாலைக்குள் தெரு முழுவதற்கும் தெரிந்துவிடும். தூத்துக்குடி, திருநெல்வேலி, கன்னியாகுமரி மாவட்டங்களின் கிராமங்களை விட்டு மும்பைக்கும் புனேக்கும் சூரத்துக்கும் பெங்களூருக்கும் டெல்லிக்கும் பிழைப்பைத் தேடி வந்த நமக்கு அந்தத் தெரு இல்லை. பக்கத்து வீட்டாரின் மொழி வேறு, விசுவாசம் வேறு. ஒருவர் மூன்று மாதம் காணப்படாவிட்டாலும் வேறு வீட்டுக்குக் குடிபோயிருப்பார் என்று நாமே காரணம் கற்பித்துக்கொண்டு அமர்ந்துவிடுகிறோம். ஊரை விட்டு வந்தவனுக்குச் சபையே ஊர், சபையே உறவு. அந்தச் சபையும் தன்னைத் தேடவில்லை என்று அறிகிற நாளில் அவன் முழுவதும் தனித்தவனாகிறான்.

இன்று நம் ஒவ்வொருவர் கையிலும் ஒரு கைபேசி இருக்கிறது. தனித்துப்போனவர்களையும் பின்வாங்கிப்போனவர்களையும் தேடுவதற்குக் கர்த்தர் நம் கையில் தந்த ஊழியக் கருவியாக அது அமையுமா? அல்லது தேடுகிறோம் என்ற பாவனையை மாத்திரம் நமக்குத் தந்து நம்மை உறங்கப்பண்ணுமா? இதைக் குறித்து நாம் சேர்ந்து சிந்திப்போம்.

கதவுகள் அடைபட்ட நாட்கள்

2020 மார்ச் 25 அன்று தேசம் முழுவதும் ஊரடங்கு தொடங்கியதை நாம் மறக்க முடியாது. ஏப்ரல் 12-ல் உயிர்த்தெழுதலின் பண்டிகை வந்தபோது நம்முடைய ஆலயங்கள் பூட்டியிருந்தன. ஏப்ரல் முதல் தேதி தாராவியில் முதல் தொற்று அறியப்பட்டதுமுதல், அங்கிருந்த தமிழ்க் குடும்பங்களுக்காக ஏறெடுக்கப்பட்ட ஜெபங்கள் எத்தனை! ஜூன் 8 முதல் வழிபாட்டிடங்களைத் திறக்கலாம் என்று மத்திய அரசு அனுமதித்தபோதிலும், மகாராஷ்டிராவில் நவம்பர் 16 வரைக்கும் அவை திறக்கப்படவில்லை. இரண்டாம் அலையில் மறுபடியும் மூடப்பட்டு, 2021 அக்டோபர் 7-ல்தான் திறக்கப்பட்டன. மும்பையின் மின்ரயில்களில் பொதுமக்கள் பயணம் செய்யத் தடையிருந்த மாதங்களோ அநேகம். கல்யாணில் குடியிருக்கும் விசுவாசி சயானிலுள்ள சபைக்கு எப்படி வருவார்?

அந்நாட்களில்தான் நம்மில் அநேகர் ஜூம் என்ற பெயரையே முதன்முறை கேட்டோம். 2019 டிசம்பரில் அதன் கூட்டங்களில் நாளொன்றுக்குச் சுமார் 1 கோடிப் பேர் பங்கெடுத்தார்கள். 2020 ஏப்ரலில் அது 30 கோடியாயிற்று. அந்தப் பெருக்கத்தில் நம் உபவாச ஜெபங்களும் இரவு ஜெபங்களும் அடங்கியிருந்தன. முக்காலியின்மேல் புத்தகங்களை அடுக்கி, அதன்மேல் கைபேசியைச் சாய்த்து வைத்துப் போதகர்கள் பிரசங்கித்தார்கள். கட்டணமில்லாச் சேவையில் நாற்பது நிமிடத்தில் கூட்டம் துண்டிக்கப்படும். மறுபடியும் எல்லாரும் உள்ளே வரவேண்டும். சேர்ந்து பாடவும் இயலவில்லை. ஒருவர் குரல் மற்றவரைச் சென்றடையச் சற்றே தாமதமாவதால், ஒரே பாட்டு இருபது பாட்டாய்ச் சிதறியது. ஆகையால் ஒருவர் பாட, மற்றவர்கள் ஒலியை அடைத்துக்கொண்டு தங்கள் வீட்டில் பாடினார்கள்.

எட்டடி அறையில் ஆறு பேரும் ஒரே கைபேசியும் இருந்த வீடுகளில், பகலில் அது பிள்ளையின் பள்ளி வகுப்புக்கும், மாலையில் தகப்பனின் வேலைக்கும், இரவில் தாயின் ஜெபக்கூட்டத்துக்கும் பயன்பட்டது. குறைவுகள் பல இருந்தும், அந்த நாட்களில் அந்தச் சிறிய திரை நம்மைச் சிதறாமல் காத்தது என்பதை நன்றியோடு ஒத்துக்கொள்ள வேண்டும்.

ஆனால் கதவுகள் திறந்தபின்பு எல்லாரும் திரும்பி வரவில்லை. சிலர் கர்த்தரிடத்தில் சேர்ந்துவிட்டார்கள். சிலர் வேலை இழந்து ஊருக்குத் திரும்பினார்கள். வேறு சிலரோ இதே நகரத்தில், இதே தெருவில் இருந்தும் வரவில்லை.

மூன்று விதமான இழப்பு

லூக்கா 15-ம் அதிகாரத்தை நாம் அநேகந்தரம் தியானித்திருக்கிறோம். அங்கே ஆண்டவர் மூன்று உவமைகளைச் சொல்லுகிறார். மூன்றையும் நாம் ஒரே பொருளுள்ளவைகளாகக் கடந்துவிடுகிறோம். ஆனால் தொலைந்த விதம் மூன்றிலும் வெவ்வேறு. ஆடு மேய்ச்சலைத் தேடி, தான் விலகுவதை அறியாமலே விலகிப்போயிற்று. வெள்ளிக்காசு வீட்டுக்குள்ளேயே தொலைந்தது. அதில் காசின் குற்றம் ஏதுமில்லை. இளைய குமாரனோ தன் மனதாரப் பங்கைக் கேட்டு வாங்கிக்கொண்டு புறப்பட்டுப் போனான்.

தேடிய விதமும் வெவ்வேறாயிருக்கிறது. ஆட்டுக்காக மேய்ப்பன் வெளியே அலைந்தான். காசுக்காக அந்த ஸ்திரீ விளக்கைக் கொளுத்தி வீட்டைப் பெருக்கினாள். மகனுக்காகத் தகப்பன் வழிமேல் விழிவைத்துக் காத்திருந்து, தூரத்தில் கண்டதும் ஓடினான்.

நம் சபைகளிலோ இம்மூவருக்கும் ஒரே காரியத்தைச் செய்கிறோம். வாட்ஸ்அப் குழுவில் ஒரு வசனப் படத்தை அனுப்பிவிட்டுக் கடமை முடிந்தது என்றிருக்கிறோம். நோயாளிகள் எல்லாருக்கும் ஒரே மாத்திரையைக் கொடுக்கும் மருத்துவரை நாம் நம்புவோமா?

காகிதமும் மையும்

இணையத்தின் வழியாய் ஊழியம் செய்வது வேதத்துக்கு ஏற்றதா என்று சிலர் கேட்கிறார்கள். அப்போஸ்தலனாகிய பவுல் என்ன செய்தார் என்று பாருங்கள். அவர் காலத்தின் தொடர்புக் கருவி நிருபம். ரோமரின் சாலைகளும் கப்பல்களும் அதைச் சுமந்தன. தான் போகக்கூடாத இடங்களுக்கு அவர் எழுத்தை அனுப்பினார். கொலோசெயருக்கு எழுதினதை லவோதிக்கேயாவிலும் வாசிக்கும்படி சொன்னார். ஆகையால் தூரத்திலிருப்பவரை ஒரு கருவியால் எட்டுவது சபைக்குப் புதிதல்ல.

ஆனால் அந்த நிருபங்கள் தனியாய்ப் போகவில்லை. தீகிக்கு என்னும் சகோதரன் அவைகளைக் கொண்டுபோய், பவுலின் செய்திகளையும் நேரில் சொல்லும்படி அனுப்பப்பட்டான். தெசலோனிக்கேயருக்குள் போகமுடியாமல் தவித்தபோது, பவுல் முதலாவது தீமோத்தேயுவை அனுப்பினார். அவன் திரும்பி வந்து அவர்களுடைய நிலையைச் சொன்னபின்பே நிருபத்தை எழுதினார். எழுத்துக்கு முன்னும் பின்னும் ஒரு மனிதன் நடந்துபோனான்.

யோவானோ தம்முடைய இரண்டாம் நிருபத்தின் முடிவில், சொல்ல வேண்டியவை இன்னும் அநேகம் இருந்தும் அவைகளைக் காகிதத்தாலும் மையாலும் எழுத மனமில்லை என்றும், நேரில் வந்து முகமுகமாய்ப் பேசவே விரும்புவதாகவும் தெரிவிக்கிறார். அவர் காகிதத்தை வெறுக்கவில்லை; காகிதத்தில்தானே அதையும் எழுதினார்! அதன் எல்லையை அறிந்திருந்தார். கைபேசியைக் குறித்து நமக்கு வேண்டிய உபதேசம் முழுவதும் அந்தச் சில வரிகளில் இருக்கிறதென்று நான் எண்ணுகிறேன்.

வானொலியும் தொலைபேசியும் கற்றுத்தந்தது

அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில் 1921 ஜனவரி 2 அன்று கால்வரி எபிஸ்கோப்பல் ஆலயத்தின் ஆராதனையை ஒரு வானொலி நிலையம் ஒலிபரப்பியது. வீட்டைவிட்டு அசையக்கூடாதவர்கள் வீட்டிலிருந்தபடியே ஆராதனையைக் கேட்கும் காலம் அன்றே தொடங்கிவிட்டது. நம் பெற்றோரின் நாட்களில், சீஷெல்ஸ் தீவிலிருந்து ஃபீபா நிறுவனத்தார் சிற்றலையில் ஒலிபரப்பிய நிகழ்ச்சிகளை, வானொலிப் பெட்டியின் குமிழை மெல்லத் திருப்பித் திருப்பிக் கேட்டவர்கள் உண்டு. 1970 முதல் 2003 வரை அந்தத் தீவிலிருந்து அந்தச் சத்தம் வந்துகொண்டிருந்தது. இப்படிப்பட்ட வானொலி ஊழியங்களின் பலம் ஒலிபரப்பில் மாத்திரம் இருக்கவில்லை. கேட்டவர்கள் கடிதம் எழுதினார்கள். அக்கடிதங்களுக்குப் பெயர் சொல்லிப் பதில் போயிற்று. அஞ்சல் வழி வேதபாடங்களும் போயின.

ஆஸ்திரேலியாவின் சிட்னியில் ஆலன் வாக்கர் என்ற மெதடிஸ்ட் போதகரைக் கடன்பட்டுக் கலங்கிய ஒரு மனிதர் தொலைபேசியில் அழைத்துப் பேசினார். பின்பு அவர் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். அந்தத் துயரம் போதகரை அமைதியாயிருக்க விடவில்லை. எந்நேரமும் யாராகிலும் எடுத்துப் பேசத்தக்க ஒரு தொலைபேசி ஊழியத்தை 1963-ல் லைஃப்லைன் என்ற பெயரில் அவருடைய மிஷன் தொடங்கியது. கவனியுங்கள், பிரியமானவர்களே: அவர் அதிகமாய்ப் பேசுவதற்கு ஒரு கருவியைத் தேடவில்லை, அதிகமாய்க் கேட்பதற்கே தேடினார். நம்முடைய கைபேசி ஊழியத்தில் பேசுவது எவ்வளவு, கேட்பது எவ்வளவு?

வீட்டுக்குள் தொலைந்த வெள்ளிக்காசு

இப்பொழுது அந்த மூவரிடத்துக்கும் வருவோம். முதலாவது, வீட்டுக்குள்ளேயே தொலைந்தவர்கள்.

ஒரு தாயாரை எனக்குத் தெரியும். வயது எழுபதைக் கடந்தவர். கணவர் மரித்தபின் மகன் அவரை ஊரிலிருந்து நவி மும்பைக்கு அழைத்து வந்தார். மகனும் மருமகளும் காலை ஏழு மணிக்குப் புறப்பட்டால் இரவு ஒன்பதுக்குத்தான் திரும்புவார்கள். பதினோராம் மாடி. இந்தி தெரியாது. கண்ணில் புரை. சபைக்கு வர இரண்டு ரயில் மாறவேண்டும். ஊரடங்குக்குப் பின் அந்தத் துணிவும் போயிற்று. அவருடைய கைபேசிக்குத் தினமும் வசனப் படங்கள் குவியும். அவரால் ஒன்றையும் வாசிக்க இயலாது.

சபையின் ஓய்வுநாள் பள்ளியில் படிக்கும் ஒரு சிறுமியிடம், தினமும் மாலை நான்கு மணிக்கு அந்தப் பாட்டியை அழைத்து ஒரு சங்கீதம் வாசித்துக் காட்டும்படி ஒரு சகோதரி சொன்னார். அந்தப் பிள்ளை படிப்பதோ ஆங்கிலப் பள்ளியில். தமிழைத் தடுமாறித்தான் வாசிப்பாள். அவள் தடுமாறும் இடத்தில் பாட்டி அடுத்த சொல்லை மனப்பாடமாய்ச் சொல்லிக் கொடுப்பார். ஆறு மாதத்தில் அந்தச் சிறுமி சபையில் எழுந்து நின்று வேதபாகத்தைத் தடையின்றி வாசித்தாள். பாட்டி அதைத் தம் அறையிலிருந்து கைபேசியில் கேட்டுக்கொண்டிருந்தார். யார் யாருக்கு ஊழியம் செய்தார்கள், சொல்லுங்கள்! தனித்திருப்பவர்கள் நம் தயவைப் பெறுவதற்கு மாத்திரம் இருக்கிறவர்கள் அல்ல. கொடுப்பதற்கும் அவர்களிடத்தில் உண்டு.

இப்படிப்பட்டவர்களுக்குச் சபை என்ன செய்யலாம்? படங்களை விட்டுக் குரலை அனுப்புங்கள். ஒரு நிமிடத்துக்குள், அவருடைய பெயரைச் சொல்லித் தொடங்கி, ஒரு வசனமும் ஒரு சிறு ஜெபமும் போதும். தமிழ் வேதாகமம் ஒலிவடிவில் கைபேசியில் கிடைக்கிறது. ஒரு வாலிபனை அனுப்பி அதைப் பதிவிறக்கி, எழுத்தைப் பெரிதாக்கி, எங்கே தொட வேண்டும் என்று கற்றுக்கொடுங்கள். ஆராதனையை நேரலையில் காட்டினால், முடிந்தவுடன் ஒருவர் அவரை அழைத்து, இன்று கேட்டதில் எது மனதில் நின்றது என்று விசாரிக்கட்டும். அந்த ஸ்திரீ விளக்கைக் கொளுத்தினதோடு நின்றுவிடவில்லை. குனிந்து பெருக்கித் தேடினாள்.

வேலையின் வழியில் விலகிய ஆடு

இரண்டாவது, பிழைப்பின் மேய்ச்சலில் விலகிப்போனவர்கள். ஞாயிற்றுக்கிழமையும் வாயிலில் நிற்கவேண்டிய காவலாளி, இரவுப் பணி முடிந்து காலையில் கண் அயரும் செவிலிச் சகோதரி, பெங்களூரில் விடுதியறையில் தங்கிக் கணினி வேலை செய்யும் வாலிபன், விடுமுறை நாளில்தான் அதிகச் சவாரி கிடைக்கும் என்று ஓடும் ஆட்டோ ஓட்டுநர். இவர்கள் கர்த்தரை விட்டுவிடத் தீர்மானித்தவர்கள் அல்லர். ஒரு ஞாயிறு தவறியது, பின்பு நான்கு தவறின, அதன்பின் வருவதற்கு வெட்கம் வந்துவிட்டது. அந்த வெட்கமே பின்மாற்றத்தின் வாசல்.

இவர்களுக்கு நேரம்தான் முள்வேலி. ஆகையால் நேரத்தை அவர்களுக்கு ஏற்றபடி மாற்றுங்கள். செவ்வாய்க்கிழமை இரவு பத்து மணிக்குப் பணிக்குப் போகுமுன் இருபது நிமிடம், நான்கு பேர் மாத்திரம் சேரும் ஒரு கைபேசி ஜெபம் அவர்களுக்கு ஏற்றது. ஒரே வகையான வேலையிலுள்ளவர்களைச் சேர்த்தால் ஒருவர் பாரத்தை ஒருவர் அறிவார். அழைக்கும்போது, ஏன் வரவில்லை என்று தொடங்காதீர்கள். சாப்பிட்டீர்களா, பிள்ளைகள் எப்படியிருக்கிறார்கள், இந்த மாதம் எந்த நேரப் பணி என்று கேளுங்கள். விசாரணை வேறு, விசாரிப்பு வேறு. முதலாவது காவல் நிலையத்துக்குரியது, இரண்டாவது சபைக்குரியது.

மனம் கசந்து போன மகன்

மூன்றாவது, காயப்பட்டோ கோபங்கொண்டோ பாவத்தில் விழுந்தோ தாமாகவே போனவர்கள். இவர்களிடத்தில்தான் நம் கருவி நமக்கு எதிராகத் திரும்பக்கூடும்.

ஒரு நகரத்துச் சபையில் ஆலயக் கட்டட நிதிக்கு வாக்குப்பண்ணினவர்களின் பட்டியலைக் கொடுத்த தொகை, பாக்கித் தொகையோடு வாட்ஸ்அப் குழுவில் வெளியிட்டார்கள். வேலை இழந்திருந்த ஒரு சகோதரனுடைய பெயருக்கு எதிரே முழுத் தொகையும் பாக்கி என்றிருந்தது. அன்றிரவே அவர் குழுவை விட்டு விலகினார். முன்னே ஒருவர் விலகினால் குழுவிலுள்ள எல்லாருக்கும் தெரியும். 2022 முதல் நிர்வாகிகளுக்கு மாத்திரமே அறிவிப்பு போகும்படி வாட்ஸ்அப் மாற்றியிருக்கிறது. ஆகவே அவர் போனதை நிர்வாகிகளைத் தவிர ஒருவரும் அறியவில்லை, அறிந்தவர்களும் அசையவில்லை.

அந்தச் சபையின் மூப்பர் ஒருவர் பட்டியலைப் பார்த்து மனம் வருந்தி, அந்தச் சகோதரனுக்குத் தனியாய் ஒரு குரல்செய்தி அனுப்பினார். சபை செய்தது தவறு என்றும், அதற்காக வருந்துவதாகவும் சொன்னார். பதில் இல்லை. மாதந்தோறும் ஒன்றை அனுப்பினார். வா என்றும் சொல்லவில்லை, பணத்தைக் குறித்தும் பேசவில்லை. உன்னையும் பிள்ளைகளையும் பெயர் சொல்லி ஜெபித்தேன் என்பது மாத்திரமே. ஏழாம் மாதத்தில் ஓரிரவு பதினொரு மணிக்குப் பதில் வந்தது. குழந்தை மருத்துவமனையில் இருக்கிறது, அண்ணே, ஜெபியுங்கள் என்றிருந்தது. மூப்பர் கைபேசியில் ஜெபித்துவிட்டு அத்தோடு நிற்கவில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு மருத்துவமனைக்குப் போய், விடியும்வரை அந்தத் தகப்பனோடு தரையில் அமர்ந்திருந்தார். அந்தச் சகோதரன் இன்று தம் குடும்பத்தோடு ஆராதனைக்கு வருகிறார். ஏழு மாதமும் அந்தச் செய்திகள் வழியைத் திறந்து வைத்திருந்தன. வழி திறந்ததும் ஒரு மனிதன் ஓடினான்.

போனவர்களை அவர்கள் சம்மதமின்றி மறுபடியும் குழுவில் சேர்க்காதீர்கள். தங்களை யார் சேர்க்கலாம் என்று தீர்மானிக்கும் வசதியை 2019 முதல் வாட்ஸ்அப் கொடுத்திருக்கிறது. அதை அவர்கள் பயன்படுத்துவதற்கு முன்பே நாம் கண்ணியத்தைப் பயன்படுத்துவோம். அன்றியும், திரும்பி வருகிற மகனைத் தகப்பன் கட்டிக்கொள்ளும்போது, வயலிலிருந்து வருகிற மூத்த சகோதரன் ஒருவன் உண்டு என்பதையும் மறவாதிருங்கள். இத்தனை நாள் எங்கே போயிருந்தீர்கள் என்று வாசலில் கேட்கப்படும் ஒரு கேள்வி, ஏழு மாத ஊழியத்தை ஏழு நொடியில் அழித்துப்போடும்.

எச்சரிக்கையாயிருக்க வேண்டியவை

1. எண்ணிக்கை என்னும் கண்ணி. யூடியூபில் நானூறு பேர் பார்த்தார்கள் என்று மகிழ்கிறோம். ஒரு வீட்டில் ஐந்து பேர் சேர்ந்து பார்த்தாலும் அங்கே ஒன்றுதான். சற்று நேரம் பார்த்து மூடிவிட்டவரும் கணக்கில் வரக்கூடும். அந்த நானூறில் உங்கள் ஆடு எது என்று அந்த எண் சொல்லாது. நல்ல மேய்ப்பன் தன் ஆடுகளைப் பெயர் சொல்லி அழைக்கிறான் என்று யோவான் 10-ம் அதிகாரத்தில் ஆண்டவர் போதிக்கிறார்.

2. ஜெபவிண்ணப்பங்களின் இரகசியம். ஒரு சகோதரியின் நோய், ஒரு குடும்பத்தின் கடன், ஒரு மகளின் திருமணத் தடை ஆகியவை ஜெபக்குறிப்பு என்ற பெயரில் குழுவுக்குக் குழு பறக்கின்றன. மத்தேயு 18-ல் தனித்துப் பேசும்படி கற்பித்த ஆண்டவருடைய வழி இதுவல்லவே. உரியவரின் அனுமதியின்றி ஒன்றையும் பகிராதீர்கள். தனிமனிதரின் விவரங்களைக் காக்க 2023-ல் நாடாளுமன்றம் ஒரு சட்டத்தையே நிறைவேற்றியது. உலகம் சட்டத்தால் காக்க முயல்வதைச் சபை அன்பினால் காக்கக்கூடாதா?

3. முகங்களும் சாட்சிகளும். புதிதாய் விசுவாசத்துக்குள் வந்தவருக்கு வீட்டிலும் வேலையிடத்திலும் நெருக்கம் இருக்கலாம். அவருடைய முகத்தையும் சாட்சியையும் நேரலையில் காட்டுவதற்கு முன் அவரைக் கேளுங்கள். பிள்ளைகளின் படங்களுக்குப் பெற்றோரைக் கேளுங்கள்.

4. வஞ்சகர்கள். போதகரின் பெயரையும் படத்தையும் வைத்து, அவசரமாய்ப் பணம் அனுப்புங்கள் என்று செய்தி விடுகிற ஏமாற்றுக்காரர் உண்டு. தனித்திருக்கும் முதியவர்களே அவர்களுக்கு எளிய இரை. பணம் கேட்டுச் செய்தி வந்தால், அறிந்த எண்ணில் போதகரை அழைத்துக் குரலைக் கேட்டு உறுதி செய்யும்படி கற்பியுங்கள். பணத்தை இழந்தவர்கள் தாமதியாமல் 1930 என்ற அரசின் உதவி எண்ணை அழைக்கவேண்டும்.

5. கணக்கற்ற பகிர்வுகள். பலமுறை கைமாறிய செய்தியை ஒருவருக்கு மேல் ஒரே நேரத்தில் அனுப்பக்கூடாதபடி 2020 ஏப்ரலில் வாட்ஸ்அப் வரம்பு வைத்தது. பொய்ச் செய்திகள் அவ்வளவு பெருகியிருந்தன. யாரோ எழுதியதை நூறு பேருக்குத் தள்ளிவிடுவதைவிட, நீங்களே இரண்டு வரி எழுதி ஒருவருக்கு அனுப்புவது மேலானது.

திரையால் இயலாதவை

வியாதிப்பட்டவனுக்காகச் சபையின் மூப்பர்கள் வந்து எண்ணெய் பூசி ஜெபிக்கும்படி யாக்கோபு 5-ம் அதிகாரம் கற்பிக்கிறது. அவர்கள் வரவேண்டும், கை அந்த நெற்றியைத் தொடவேண்டும். கர்த்தருடைய பந்தியில் கூடும்போது ஒருவருக்காக ஒருவர் காத்திருக்கும்படி பவுல் கொரிந்தியருக்கு எழுதினார். ஒரே அப்பத்தில் பங்குபெறுவதும், தோளில் கைபோட்டு அழுவதும், துக்க வீட்டில் சவப்பெட்டியின் ஒரு முனையைச் சுமப்பதும், வேலையிழந்த வீட்டின் வாசலில் சத்தமின்றி அரிசிப் பையை வைத்துவிட்டு வருவதும் திரையால் ஆகாத காரியங்கள். தேவன் தம் அன்பைத் தூரத்திலிருந்து சொல்லியனுப்பியதோடு நின்றுவிடவில்லை. தம்முடைய குமாரனையே மாம்சத்தில் நம்மிடத்துக்கு அனுப்பினார். அந்தக் குமாரனுடைய சரீரமாகிய சபை, சரீரமில்லாமல் வாழக் கற்றுக்கொள்ளலாகாது.

உண்மையிலேயே வரக்கூடாதவர்கள் உண்டு. படுக்கையிலிருப்பவர்களுக்கும், ஊனமுற்ற பிள்ளையை விட்டு நகரமுடியாத தாய்மாருக்கும் திரையே ஜன்னல், அவர்களைக் குற்றவாளிகளாக்காதிருங்கள். அவர்களிடத்தில் சபையே போகட்டும். ஆனால் வரக்கூடியவரே, சோபாவில் சாய்ந்து தேநீரோடு ஆராதனையைப் பார்க்கப் பழகிவிட்டவரே, உங்களோடும் அன்பாய்ப் பேசுகிறேன். உங்களுக்குப் பிரசங்கம் கிடைத்துவிடுகிறது. ஆனால் உங்கள் பக்கத்தில் அமர்ந்து உங்கள் கையைப் பிடித்து ஜெபிக்கவேண்டும் என்று வந்த ஒருவருக்கு நீங்கள் கிடைக்கவில்லை.

இம்மாதம் நாம் செய்யவேண்டியது

பிரியமானவர்களே, இந்தப் பக்கத்தை வாசித்து மூடிவிடாதிருங்கள். ஒரு தாளை எடுத்து, உங்கள் சபையில் முன்னே வந்து இப்பொழுது வராத ஏழு பேருடைய பெயர்களை எழுதுங்கள். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே, அவர் காசா, ஆடா, மகனா என்று குறியுங்கள். தெரியாவிட்டால், அவர்களைத் தெரிந்துகொள்வதே உங்கள் முதல் ஊழியம். முதலாவது வாரம் ஜெபியுங்கள். இரண்டாவது வாரம் ஒவ்வொருவரையும் கைபேசியில் அழையுங்கள். பத்து நிமிடம் பேசினால் எட்டு நிமிடம் கேளுங்கள். மூன்றாவது வாரம், விரும்புகிறவருக்கு ஒரு சிறு குரல்செய்தி அனுப்புங்கள். நான்காவது வாரம், அவர் சம்மதித்தால், ரயிலேறிப் போய் அவர் கதவைத் தட்டுங்கள். போதகர் ஒருவரே நூறு குடும்பங்களுக்கு இதைச் செய்ய இயலாது. ஒரு விசுவாசி ஏழு பேருக்குச் செய்ய இயலும்.

ஒருவேளை இதை வாசிக்கிற நீங்களே அந்தப் பட்டியலில் இருக்கிறவராயிருக்கலாம். யாரோ உறவினர் வீட்டில் இந்த இதழைப் புரட்டிக்கொண்டிருக்கலாம். உங்களை யாரும் தேடவில்லை என்ற வருத்தம் உங்களுக்கு இருக்குமானால், அதற்குக் காரணமும் இருக்கக்கூடும். ஆனாலும் மனிதர் மறந்தபோதும் மேய்ப்பர் மறக்கவில்லை. நீங்கள் நம்பும் ஒருவரை இன்று அழையுங்கள். நீண்ட விளக்கம் வேண்டியதில்லை. நான் தனியாயிருக்கிறேன் என்ற ஒரு வாக்கியம் போதும்.

காணாமற்போனதைத் தேடவந்த ஆண்டவர்தாமே நம் கைகளையும் கைபேசிகளையும் கால்களையும் தம்முடைய ஊழியத்துக்கென்று பரிசுத்தப்படுத்துவாராக. கர்த்தர் உங்களையும் உங்கள் வீட்டாரையும் ஆசீர்வதிப்பாராக. ஆமென்.

கிறிஸ்துவின் ஊழியத்தில்,
உங்கள் அன்புச் சகோதரன்